மலையேறக் கூடாத வருஷம்

அன்புள்ள மகன் சேகருக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். முதலில் பிள்ளைகளின் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா மல்லிகாவின் மூத்தவன் மதுரையில் கம்ப்யூட்டர் படிப்பில் காலேஜிலேயே இரண்டாவதாக வந்திருக்கிறான். முதலாவதாக வந்தவன் அங்கே வேலை பார்க்கும் வாத்தியாரின் மகனாம். அதனால் நம் கணக்கில் இவன்தான் முதல். அவள் மகள் டைப்பில் ஹையர் பாஸ் செய்துவிட்டாள், பாட்டிலும் பரிசு வாங்கியிருக்கிறாள். இனி உன் பிள்ளைகள். அருணுக்குக் கணக்குப் போட்டியில் சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார்கள். ஹில்ஸ்பரோவில் நம் தெருவில் அதைப் பார்க்காதவர் தபால்காரர் ஒருவர்தான் பாக்கி இருந்தார், நேற்று அவரையும் நிறுத்திக் காட்டிவிட்டேன். நித்யா கார் லைசென்சை முதல் தடவையிலேயே எடுத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷப் பரீட்சைக்கு முந்தைய பரீட்சையில் எல்லாவற்றிலும் நல்ல மார்க். அப்புறம், அக்டோபர் கடைசியில் வந்த லேபர் டே லீவில் நித்யா பனிமலை ஏறி இறங்கினாள்.

ஆமாம், நீ போனில் வேண்டாம் என்று சொன்ன அதே மலைதான். ருவாப்பெகு. சில வருஷத்துக்கு முன்னால் புகையும் சாம்பலும் கக்கி, டிவியில் நாமெல்லாரும் உட்கார்ந்து பார்த்தோமே, அதுவேதான். பிள்ளை பத்திரமாக வந்துவிட்டாள். இருபது விரலையும் நானே தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன். மூக்குத் தோல் மட்டும் உரிந்திருக்கிறது, அதற்கும் நான்தான் காரணம். கீதா மேல் கோபப்படாதே. கிளப்புக்காரர்கள் கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டது அவள், போடச் சொன்னது நான். கோபம் எல்லாவற்றையும் என் பேருக்கே எழுதிக்கொள். இந்தக் கடிதத்தின் பாதியைப் படிக்கும்போது அந்தக் கோபம் இன்னும் கூடும், அதனால் இப்போதே முழுவதையும் செலவழித்துவிடாதே.

அப்பாவின் வருஷத் திதிக்குக் கார்த்திகையில் நீ இங்கே வரப்போகிறாய். அப்போது நேரில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போனில் சொன்னால் நீ ஒன்றும் பேசாமல் இருப்பாய், அந்தப் பேசாமல் இருப்பதை என்னால் தாங்க முடியாது. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள் என்றாலும் கடிதம் எழுத அது போதும். அருணின் கோடு போட்ட நோட்டில் நாலு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ கிறைஸ்ட்சர்ச்சிலேயே இதைப் படித்து, கோபப்பட வேண்டியதைக் கோபப்பட்டு முடித்துவிட்டு, அப்புறம் வந்து அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடு. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு நான் அந்த மணையருகில் நிற்கக் கூடாது.

நித்யா அந்த மலையேறும் கிளப்பில் ஆறு மாசமாகப் போய்வருவது உனக்குத் தெரியும். நீ வேலைக்காகத் தெற்கே போன பிறகு அவளுக்கு அது ஒரு பிடிப்பாக இருந்தது. சனிக்கிழமைகளில் பையில் பத்து கிலோ பாசுமதி அரிசி மூட்டையை அப்படியே போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு நம் தெரு மேட்டை ஏறி இறங்குவாள், ஏறி இறங்குவாள், பதினைந்து தடவை. எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் ஜன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருப்பார். "பாட்டி, உலை வெச்சுட்டியா, அரிசி இன்னும் மேல இருக்கு, இரு வரேன்" என்று கத்திக்கொண்டே போவாள். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் காலையே பார்த்தேன். அந்த நடை எங்கேயோ பார்த்த நடை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ போன் செய்தாய். நித்யா உன்னிடம் மலையைப் பற்றிச் சொல்ல, நீ என்னைக் கூப்பிடச் சொன்னாய். நீ பேசியது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. "அம்மா, அப்பா போயி இன்னும் வருஷம் திரும்பல. மலை ஏறக் கூடாதுல்ல? நீயே அவகிட்ட சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டா, நீ சொன்னா கேப்பா" என்றாய். அருணுக்கு முடி வெட்டும்போதும், கீதா தீபாவளிக்குப் பலகாரம் வேண்டாம் என்றபோதும், "இதெல்லாம் யாரும்மா இப்ப பாக்குறா" என்று கேட்டவன் நீ. மலைக்கு மட்டும் சாஸ்திரம் வந்துவிட்டது. நான் உடனே புரிந்துகொண்டேன். உனக்குப் பயம். பயமாக இருக்கிறது என்று மகளிடம் சொல்ல வெட்கம். அதனால் அப்பாவின் வருஷத்தை எடுத்து முன்னால் வைத்தாய். எப்படி இவ்வளவு சீக்கிரம் புரிந்தது என்று கேட்பாய். அந்த வேலையை உனக்கு முன்னால் செய்தவள் நான்.

ஆனால் அன்றைக்கு நானும் உன் பக்கமே பேசினேன். நித்யா என் முன்னால் வந்து நின்று, "பாட்டி, நெஜமாவே அப்படி ரூல் இருக்கா?" என்றாள். "இருக்கு தங்கம். வீட்டுல சாவு விழுந்தா பங்காளிங்க ஒரு வருஷம் மலை ஏற மாட்டோம். பழனிக்குக்கூடப் போக மாட்டோம்" என்றேன். "எவ்ளோ நாள் பாக்கி?" "லேபர் டேலருந்து அஞ்சு வாரம்." அவள் சண்டை போடவில்லை. கோபம் வந்தால் இங்கிலீஷில் பொரிந்து தள்ளுகிற பிள்ளை, தமிழிலேயே "சரி பாட்டி" என்றாள். முதுகுப் பையைத் திறந்து அரிசி மூட்டையை வெளியே எடுத்தாள். மூலையைக் கத்திரித்து, அரிசி டப்பாவில் ஒரு மணி சிந்தாமல் கொட்டினாள். மூட்டையை மடித்துக் குப்பையில் போட்டாள். கையைத் தட்டிவிட்டு அறைக்குப் போய்விட்டாள். சேகர், அந்த அரிசி கொட்டுகிற சத்தத்தில்தான் என்னால் அதற்குமேல் பொய்யாக இருக்க முடியாமல் போனது.

இப்போது சொல்கிறேன், கேள். உனக்குப் பதினேழு வயது. திண்டுக்கல் காலேஜில் பியூசி முடித்திருந்தாய். என்.சி.சி.யில் ஜில்லாவுக்கு இரண்டு பையன்களை எடுத்து வடக்கே பனிமலைக்கு ஒரு மாசப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், அதில் ஒருவன் நீ. அந்த வருஷம்தான் அப்பாவின் சித்தப்பா, திருப்பூர்ச் சின்னத் தாத்தா, போயிருந்தார். மலைக்கோட்டையில் ஏறிப் பழக நான் விடமாட்டேன் என்று தெரிந்து நீ முனிசிபாலிட்டித் தண்ணீர் டேங்கின் படிகளில் ஏறினாய். பையில் செங்கல். இரவல் வாங்கிய பூட்ஸ் உன் காலுக்குப் பெரிது, முன்னால் பேப்பரைச் சுருட்டி அடைத்திருந்தாய். உன் ரயிலுக்குப் பதினோரு நாள் முன்னாலேயே சின்னத் தாத்தாவின் வருஷம் திரும்புகிறது என்று நீயே பஞ்சாங்கம் பார்த்து வைத்திருந்தாய். திருப்பூரில் திதி கொடுத்ததும் கார்டு போடுவார்கள், கார்டு வந்தால் கிளம்பலாம் என்பது பேச்சு. அப்பா அப்போது ஈ.பி. லைன் வேலைக்கு வெளியூர் போயிருந்தார்.

கார்டு வந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும், நான் மட்டும் வீட்டில். "வருஷத் திதி நேற்று நல்லபடியாக முடிந்தது. இனிமேல் எல்லோரும் கோயில், மலை எல்லாம் போய்வரலாம்" என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தேன். சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கார்டை அடுப்பில் வைத்தேன். சாயங்காலம் நீ வந்து, "கார்டு வந்துச்சாம்மா?" என்றாய். "கார்டு வரல, ஆளுகிட்டதான் சொல்லிவிட்டாங்க. இந்த மாசத்துல அந்தத் திதி ரெண்டு தடவ வருதாம். பின்னால வர்றதுதான் கணக்காம். இன்னும் ஒரு மாசம் இருக்கு" என்றேன். அந்தக் கணக்கு பொய்யில்லை, அப்படி வருகிற மாசங்கள் உண்டு. அந்த மாசம் அப்படி வரவில்லை, அவ்வளவுதான். நீ பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்க்கவில்லை. அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாய். மறுநாள் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, உள்ளே இருந்த பேப்பரை எடுத்துவிட்டு, கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு வெயிலில் நடந்து வந்தாய். செங்கற்களை எடுத்து வந்த இடத்திலேயே அடுக்கினாய். உன் இடத்தில் வேறொரு பையன் போனான். நன்றாகத் திரும்பியும் வந்தான்.

ஏன் செய்தேன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பனிமலையை நான் காலண்டரில் மட்டும்தான் பார்த்திருந்தேன், அதில் சிவன் உட்கார்ந்திருப்பார். அவர் உட்காரலாம், என் பிள்ளை ஏன் போக வேண்டும் என்று தோன்றியது. எனக்குப் பயமாக இருக்கிறது, போகாதே என்று சொல்லியிருந்தால் நீ சண்டை போட்டிருப்பாய், அழுதிருப்பாய், போயும் இருப்பாய். சாஸ்திரம் என்றால் சண்டை போட ஆள் இல்லை. இரண்டு மாசம் கழித்து அப்பா திருப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, "கார்டு போட்டதா சொல்றாங்களே, வரலையா?" என்றார். "வரல" என்றேன். அடுப்பை ஒரு பார்வை பார்த்தார். "சரி, தண்ணி குடு" என்றார். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. உன்னிடம் ஒருநாளும் சொல்லவும் இல்லை. அந்தப் பேச்சை என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ஆகவே, அன்றைக்கே வருஷம் முடிந்திருந்தது. இருபத்தேழு வருஷமாக நீ சின்னத் தாத்தாவின் மேல் போட்டு வைத்திருந்த பழி என்னுடையது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதி அடித்துவிட்டேன், மறுபடி எழுதியிருக்கிறேன். மன்னித்துக்கொள்.

நித்யா விஷயத்துக்கு வருகிறேன். அரிசி கொட்டிய மறுநாள் நம் கோயில் ஐயருக்குப் போன் செய்தேன். அவர் வார நாளில் மங்கரேயில் விமானச் சரக்கு இறக்குகிற இடத்தில் வேலை பார்க்கிறார் இல்லையா, பின்னால் வண்டிகள் கத்துகிற சத்தத்தில்தான் சாஸ்திரம் கேட்க வேண்டியிருந்தது. "மாமி, அந்த மலைல சாமி இருக்கா?" என்றார். நித்யாவைக் கேட்டேன். "மவோரி ஜனங்களுக்கு அந்த மலை அவங்க மூதாதை பாட்டி, மரியாதையாதான் நடந்துக்கணும்னு கிளப்புல மொதல் நாளே சொன்னாங்க" என்றாள். அதை அப்படியே ஐயரிடம் சொன்னேன். "எங்க பாடத்துல இந்த மலை இல்ல மாமி. உங்க மனசு என்ன சொல்றது?" என்றார். சாஸ்திரம் என்னிடமே திரும்பி வந்துவிட்டது. என் மனசு என்ன சொல்லும்? போகாதே என்றுதான் சொன்னது. அது எப்போதும் அதைத்தான் சொல்லும், அதைக் கேட்டுப் பிரயோசனமில்லை.

அதனால் நித்யாவை உட்காரவைத்துச் சொன்னேன். "நீ ஏறுற அன்னிக்கு இன்னும் அஞ்சு வாரம் பாக்கி இருக்கும். அது நெஜம். இல்லன்னு சொல்ல மாட்டேன். போனது என் புருஷன், இந்த வருஷம் மொதல்ல எனக்குத்தான். நான் சொல்றேன், நீ போ. குத்தம்னா எனக்கு வரட்டும். ஆனா எனக்கு ரொம்பப் பயமா இருக்கு, அதையும் சொல்லிடறேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு பாட்டி" என்றாள். பார், ஒரு வரியில் முடிந்துபோகிற பேச்சு. கீதாதான், "அத்த, அவரு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்று தவித்தாள். "அத்த சொன்னான்னு சொல்லு. அதுக்கு மேல கேட்டா என்கிட்ட குடு" என்றேன். ஒன்றை அவள் கேட்டாள், நானும் ஒத்துக்கொண்டேன்: பிள்ளையைத் தனியாக பஸ்ஸில் அனுப்பாமல் நாங்களும் காரில் பின்னால் போவது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். அருணை அவன் சிநேகிதன் வீட்டில் விட்டுவிட்டோம். தெற்கே போகப் போக ஆடுகள், அப்புறம் அந்தப் பெரிய ஏரி, அப்புறம் ஒரு வளைவு திரும்பியதும் மலை. நான் மேகம் என்றுதான் நினைத்தேன். "அத்த, அதுதான்" என்றாள் கீதா. மோட்டலில் தங்கி, சனிக்கிழமை விடிவதற்குள் எழுந்தோம். நான் தலைக்கும் முகத்துக்கும் தடவிவிடத் தேங்காய் எண்ணெய் கொண்டுபோயிருந்தேன். பாட்டிலில் கல்லாக உறைந்திருந்தது, ஹீட்டர் முன்னால் காட்டி உருக்கினேன். நித்யா பையிலிருந்து ஒரு வெள்ளைக் கிரீமை எடுத்தாள். "அது வெள்ளைக்காரங்களுக்குடி. நம்ம தோலுக்கு வெயிலு என்ன செய்யும்? அதுவும் பனியில ஏது வெயிலு?" என்று பிடுங்கி வைத்துவிட்டு எண்ணெயைத் தடவிவிட்டேன். பாட்டி மனசு நோகக் கூடாது என்று அவளும் விட்டுவிட்டாள். பனியில் பட்டு வெயில் கீழேயிருந்தும் அடிக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மூக்கின் அடியும் தாடையின் கீழும்கூட வெந்துவிட்டது. எண்ணெய் போட்டுப் பொரித்த கணக்குதான்.

கார் நிறுத்துகிற இடம்வரை ரோடு போகிறது. அங்கிருந்து அவர்கள் ஆறு பேர். கூட்டிப்போனவள் ஜேன் என்று ஒரு பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, நாற்பது வயதிருக்கும், உன்னைவிடக் கொஞ்சம் சின்னவள். மெலிந்த ஆள். நான் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்: சேலை, அதற்கு மேல் உன் பழைய நீல ஜாக்கெட், காலில் அருணின் ஷூ. சிரித்துவிட்டு ஏதோ சொன்னாள். "பன்னெண்டு மணிக்கு எங்க நின்னாலும் அங்கேருந்து திரும்பிடுவோம், மூணு மணிக்கு இங்க இருப்போம்னு சொல்றாங்க பாட்டி" என்றாள் நித்யா. பூட்ஸுக்கு அடியில் கட்டுகிற இரும்புப் பற்களைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். பனியைக் கொத்தி நிற்கிற சின்னக் கோடாரியையும் காட்டினாள். வழுக்கினால் அதன்மேல் குப்புற விழுந்து மார்பை அழுத்தி நிற்க வேண்டுமாம். அதை நாற்பது தடவை பழகியிருக்கிறாளாம். நான் எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. திருநீறு பூசி அனுப்பினேன்.

அங்கே ஒரு காபிக்கடை இருக்கிறது. கண்ணாடி ஜன்னல் ஓரமாக நானும் கீதாவும் காலை ஏழு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தோம். கீதா இரவல் வாங்கி வந்த பைனாகுலரில் முதலில் ஆறு எறும்பு தெரிந்தது. அப்புறம் ஆறு புள்ளி. அப்புறம் ஒன்றும் இல்லை. பனிச்சறுக்குப் பிள்ளைகள் மேலும் கீழும் போய்வந்தார்கள். "அத்த, சிப்ஸ் சாப்புடுறீங்களா?" "வேணாம்." "டீ?" "வேணாம்." "ஏதாவது பேசுங்கத்த." அப்போதுதான் அவளிடம் போஸ்ட்கார்டுக் கதையைச் சொன்னேன். உனக்கு முன்னால் அவளிடம் சொன்னது தப்பாக இருக்கலாம். சொல்லாமல் அந்த ஜன்னல் முன்னால் என்னால் உட்கார முடியவில்லை. அவள் கேட்டுவிட்டு பைனாகுலரை மேஜையில் வைத்தாள். "கல்யாணம் ஆன புதுசுல அவரு சொன்னாரு அத்த. 'எங்க சின்னத் தாத்தா ஒரு இருபது நாள் முன்னாடி போயிருக்கக் கூடாதா'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு" என்றாள். செத்தவரோடு நீ இத்தனை காலம் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்று மணி ஆயிற்று. வரவில்லை. மூன்றரை. நாலு மணிக்கு மேலேயிருந்து மேகம் இறங்கி, மலை இருந்த இடம் சுவர் மாதிரி ஆகிவிட்டது. கடைக்காரர்கள் நாற்காலிகளைக் கவிழ்க்க ஆரம்பித்தார்கள். கீதா வெளியே போய் நின்றாள், நானும் போனேன். காற்று ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தது. அங்கே சிவப்புச் சட்டை போட்ட ஒரு பையன் வாக்கி டாக்கியில் யாரிடமோ பேசிவிட்டு, "மெதுவா வந்துட்டிருக்காங்க, கவலைப்படாதீங்க" என்கிற மாதிரி கையைக் காட்டினான். கவலைப்படாமல் எப்படி இருப்பது? அஞ்சு வாரம் என்று எனக்கு நானே எண்ணிக்கொண்டு நின்றேன். முருகனிடம் ஒன்றும் நேர்ந்துகொள்ளவில்லை. பேரம் பேச வெட்கமாக இருந்தது. உன் அப்பாவிடம் மட்டும், "பிள்ளைய விட்டுருங்க, தப்பு பண்ணினவ நான்" என்றேன். கீதாவுக்குக் கேட்டிருக்கும், கேளாத மாதிரி இருந்தாள்.

ஐந்தேகாலுக்கு மேகத்துக்குள்ளிருந்து முதலில் ஜேன் வந்தாள். அப்புறம் ஒரு பையன், அவன் இடுப்பில் கயிறு. அந்தக் கயிற்றின் இன்னொரு முனை நித்யாவின் இடுப்பில். மற்றவர்கள் பின்னால். எண்ணினேன், ஆறு. நித்யா நேராக வந்து, "பாட்டி, பசிக்குது" என்றாள். கீதா அழுதுகொண்டே அவளை அடித்தாள். நான் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன். காலையில் அவள் கொண்டுபோன பொட்டலம் மேலே சில்லிட்டு விறைத்துக் கட்டியாகி, பல்லால் கடித்துத்தான் தின்றார்களாம். ஜேனும் தின்றாளாம், இன்னும் கேட்டாளாம்.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். மேலே ஒரு பனியாறு இருக்கிறதாம், தண்ணீர் ஓடாமல் அப்படியே உறைந்து, வருஷத்துக்குக் கொஞ்சம் என்று நகர்கிற ஆறு. ஒருவருக்கொருவர் கயிறு கட்டிக்கொண்டு அதில் ஏறினார்களாம். ஏறி முடித்தால் மேலே ஒரு மைதானம், ஓரமாக வெந்நீர் ஏரி, பனிக்கு நடுவில் ஆவி விட்டுக்கொண்டு. அதற்கும் மேலே ஒரு முனை. அந்த முனைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மணி பன்னிரண்டு. ஜேன் கைக்கடிகாரத்தைக் காட்டினாள், திரும்பிவிட்டார்கள். "பத்து நிமிசந்தானடி! ஏறிட்டு வந்துருக்கலாம்ல?" என்றேன். பயந்து செத்துக்கொண்டிருந்தவள் கேட்கிற கேள்வியா இது? என் பேத்தி முக்கால் மலை ஏறினாள் என்று ஊருக்கு எழுத எனக்கு மனசு வரவில்லை, அதுதான். அவள் சோற்றை விழுங்கிவிட்டு, "பன்னெண்டுன்னா பன்னெண்டு பாட்டி. ஆளுக்குத் தகுந்த மாதிரி மாத்துனா அது ரூலே இல்ல" என்றாள்.

இறங்கும்போது அந்தப் பையனின் இரும்புப் பல்லைக் கட்டுகிற வார் அறுந்துவிட்டது. வெயிலில் பனி வேறு இளகி, வழுக்க ஆரம்பித்திருந்தது. அவனுக்காக ஜேன் கோடாரியால் படி வெட்டிக்கொண்டே வர, மேலேயிருந்து கயிற்றைப் பிடித்து அவனை இறக்கியது நித்யா. ஒவ்வொரு படியாக, இரண்டு மணி நேரம். அந்தப் பத்து நிமிஷம் ஏறி, கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்திருந்தால், செங்குத்தான இடத்திலேயே மேகம் அவர்களைப் பிடித்திருக்கும் என்று ஜேன் கீதாவிடம் சொன்னாள். அதைக் கேட்டபோதுதான் என் பேத்தி கேட்ட ரூல் எது, நான் உனக்குச் சொன்ன ரூல் எது என்று பிரிந்து தெரிந்தது. அது ஆளைக் காப்பாற்றுகிற கணக்கு, எல்லோருக்கும் ஒன்று, மணிக்கட்டில் தெரிகிறது. என்னுடையது என் பயத்துக்கு நான் போர்த்திய துணி. பங்காளி வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அது போனவருக்காகக் கொஞ்ச காலம் கீழேயே இருப்பது. அது முடிந்தது என்று வந்த கார்டை நான் அடுப்பில் வைத்து எரித்ததுதான் தப்பு.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு வாய் இல்லை, ஆனாலும் பெற்றவள், ஒன்று சொல்வேன். நாளைக்கு அருண் எதையாவது கேட்பான். உனக்குப் பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். அதைக் கேட்டும் அவன் போகலாம், போகாமலும் இருக்கலாம். அப்பாவையோ தாத்தாவையோ குறுக்கே நிறுத்தாதே, அவர்கள் திரும்பி வந்து இல்லை என்று சொல்ல முடியாதவர்கள்.

நித்யாவை மலையில் எடுத்த போட்டோக்களைக் கழுவி வாங்கிவிட்டோம். நாலு காப்பி போட்டு மல்லிகாவுக்கும் அனுப்பிவிட்டேன். பனி வெளிச்சத்தில் அவள் முகமே தெரியவில்லை, கறுப்பாக ஓர் உருவம், கண்ணில் கண்ணாடி, கையில் கோடாரி. ஒரு காலில் பாரம் போட்டுச் சாய்ந்து நிற்பது மட்டும் தெரிகிறது. அது யார் நிற்பு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதோடு ஒன்று வைத்திருக்கிறேன்.

கார்த்திகையில் வா. திதி கொடுத்த அன்றைக்கே, மணையிலிருந்து நீ எழுந்ததும், வருஷம் முடிந்தது என்று நானே என் வாயால் சொல்கிறேன். ஒரு நாள் கூட்ட மாட்டேன். நீ இருக்கும் ஊரிலிருந்து பார்த்தால் பனிமலை வரிசையாகத் தெரியும் என்று போனில் ஒருமுறை சொன்னாய். சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினாய். திரும்பிப் போனதும் ஒரு சனி, ஞாயிறில் தெரிந்த ஆள் யாரோடாவது அந்தப் பக்கம் போ. முனைக்கு ஏற வேண்டாம், உனக்கு நாற்பத்து நாலு வயது. பனி தொடங்குகிற இடம்வரை போதும். உன் காலுக்குச் சரியான பூட்ஸாக வாங்கிக்கொள், பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடு. மூக்குக்கு அந்த வெள்ளைக் கிரீம் பூசு, எண்ணெய் வேண்டாம். அங்கே நின்று யாரிடமாவது கொடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள். அலமாரியில் இருக்கிற உன் படம் பழையது, டை கட்டியது, அதை எடுத்துவிடப் போகிறேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நில், முகம் தெரிய வேண்டும். கழுவினதும் தாமதிக்காமல் தபாலில் போடு. இந்தத் தடவை தபால் வந்தால், வந்தது என்று சொல்வேன்.

அம்மா